டோனர் கார்ட்ரிஜ்: ஒரிஜினல் எங்கே வேண்டும், கம்பாட்டிபிள் எங்கே போதும்

லேசர் பிரிண்டரில் டோனர் எனப்படும் மைப் பவுடர் அடைத்த கூடுதான் டோனர் கார்ட்ரிஜ். எச்.பி. 12ஏ கார்ட்ரிஜை எடுத்துக்கொள்வோம். லேசர்ஜெட் 1020, எம்1005 பிரிண்டர்கள் இரண்டுக்கும் அதுதான். கேனான் எல்பிபி 2900-க்குப் போடும் 303-உம் உள்ளமைப்பில் ஏறக்குறைய அதேதான். ஜெராக்ஸ் கடை, பத்திர எழுத்தர் அலுவலகம், பள்ளி ஆபீஸ் எனப் பல இடங்களில் இந்தப் பிரிண்டர்கள் இன்றும் ஓடுகின்றன. இதை வைத்துப் புரிந்துகொண்டால் மற்ற மாடல்களுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிரிண்டர் கம்பெனியின் சரக்கு ஒரிஜினல். வேறு தயாரிப்பாளர் புதிதாகச் செய்தது கம்பாட்டிபிள். பழைய ஒரிஜினல் கூட்டில் டிரம் (எழுத்து உருவாகும் உருளை), பிளேடு மாற்றி பவுடர் நிரப்பியது ரீமேனுஃபேக்சர்டு. உங்கள் கார்ட்ரிஜிலேயே பவுடர் மட்டும் போட்டுத் தருவது ரீஃபில். இவை தவிர, ஒரிஜினல் பெட்டியில் அடைத்த போலியும் சந்தையில் இருக்கிறது. நான்கில் எதை வாங்கினாலும் நியாயம் உண்டு, போலியில் மட்டும் கிடையாது. ஒரிஜினல் விலை கொடுத்து ரீஃபில் தரம் வாங்குகிறீர்கள். பெட்டியின் பாதுகாப்பு லேபிளைச் சாய்த்துப் பாருங்கள், அதிலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். தீர்ந்த ஒரிஜினலின் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகக் காயலான் கடைக்குப் போகும் பெட்டிதான் போலிக்கு உறையாகிறது.

12ஏ-யில் பவுடர் மட்டும் இல்லை. டிரம், அதற்குச் சார்ஜ் ஏற்றும் பி.சி.ஆர். ரோலர், டிரம்முக்குப் பவுடர் கொண்டுவரும் மேக்னெட் ரோலர், டிரம்மில் மிஞ்சியதை வழிக்கும் வைப்பர் பிளேடு, ரோலரில் பவுடரைச் சம அளவாக்கும் டாக்டர் பிளேடு எல்லாம் அந்தக் கூட்டுக்குள்தான். விலை குறைந்த கம்பாட்டிபிளில் பெரும்பாலும் சிக்கனம் பிடிப்பது டிரம்மிலும் பிளேடிலும். முதல் சில நூறு பக்கம் ஒரிஜினல் போலவே அடித்துவிட்டுப் பிறகு கோடு விழுவது அதனால்தான்.

பிரதர் எச்எல்-எல்2321டி போன்றவற்றில் டோனர் தனி, டிரம் தனி. டோனர் 2,600 பக்கம், டிரம் 12,000 பக்கம் என்பது கம்பெனிக் கணக்கு. அங்கே டிரம்மை ஒரிஜினலாக வைத்துக்கொண்டு டோனரை மட்டும் கம்பாட்டிபிளாகப் போடுவது நல்ல ஏற்பாடு.

இனி காசுக் கணக்கு. 12ஏ-க்குச் சொல்லப்படும் 2,000 பக்கம், தாளில் 5 சதவீதம் மட்டும் மை விழும் பக்கத்துக்கு. நெருக்கமாக அடித்த தமிழ்ப் பத்திரம் அந்த 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு பேச்சுக்கு ஒரிஜினல் 5,000 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 2.50. கம்பாட்டிபிள் 600 ரூபாய், 1,500 பக்கம் என்றால் 40 பைசா. மிச்சம் 2.10. இதே மிச்சத்தை 100 ரூபாய் முத்திரைத்தாளோடு வைத்துப் பாருங்கள்: 48 பக்கத்தில் சேர்த்தது ஒரே ஒரு தாள் கறைபட்டால் போய்விடும். வரைவு, விண்ணப்பம், வினாத்தாள் அடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. கெட்டால் மறுபடி அடிக்கலாம்.

ஆகவே இரண்டு வேலையும் நடக்கும் இடத்தில் இரண்டு கார்ட்ரிஜ் வைத்துக்கொள்ளுங்கள். 12ஏ-யில் கார்ட்ரிஜைப் பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சிப் கிடையாது, மாற்றி மாற்றிப் போட்டாலும் பிரிண்டர் கேள்வி கேட்காது. முத்திரைத்தாளுக்கு ஒரிஜினல், மற்றதற்குக் கம்பாட்டிபிள். கழற்றியதை அது வந்த கறுப்புக் கவரிலேயே படுக்கை வாட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் டிரம் கெடும். முத்திரைத்தாளைக் கையால் ஊட்டும் வழியில் ஒவ்வொன்றாக விடுங்கள். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் பேப்பர் வகையைத் தடித்த தாளுக்கு மாற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒரிஜினல் பவுடர்கூடச் சரியாக ஒட்டாமல் உதிரும்.

கம்பாட்டிபிள் வாங்கும்போது காற்றுப் புகாத கவரும், இழுத்து எடுக்கும் சீல் டேப்பும் இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 19752 முறைப்படி அளந்த பக்கக் கணக்கு போட்டிருந்தால் நல்லது. கவர் பிரித்ததும் டிரம்மை மூடியிருக்கும் ஷட்டரை ஒரு நொடி திறந்து டிரம்மைப் பாருங்கள்: கீறல் இல்லாமல் ஒரே நிறமாக இருக்க வேண்டும், விரல் படக் கூடாது. கிடைமட்டமாகப் பிடித்து ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டி, பிறகு டேப்பை நேராக இழுங்கள். பவுடர் கொட்டினால் அப்போதே திருப்பிக் கொடுங்கள்.

மாட்டியதும் மூன்று தாள் அடியுங்கள்: ஒன்று வெற்றாக, ஒன்று எழுத்தோடு, ஒன்று கறுப்புக் கட்டத்தோடு. வெற்றுத்தாளில் சாம்பல் படலம் தெரிந்தால் பவுடர் அந்த மாடலுக்கு உரியதல்ல, அல்லது டாக்டர் பிளேடோ பி.சி.ஆரோ சரியில்லை. எழுத்துத் தாளைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். சாதாரணத் தாளிலேயே கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால், பவுடர் உங்கள் பிரிண்டரின் ஃபியூசர் (பவுடரை உருக்கித் தாளில் ஒட்டும் பகுதி) சூட்டில் உருகவில்லை. கறுப்புக் கட்டம் அடித்த தாளில் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேல் எடுத்து இடைவெளியை அளங்கள். 12ஏ-யில் சுமார் 75 மில்லிமீட்டர் என்றால் டிரம், சுமார் 38 என்றால் பி.சி.ஆர்.; இரண்டுமே கார்ட்ரிஜ் குற்றம். மேலிருந்து கீழே நீளும் மெல்லிய கறுப்புக் கோடு பெரும்பாலும் வைப்பர் பிளேடில் விழுந்த வெட்டு. வெள்ளைக் கோடு என்றால் அவசரப்பட்டுக் கார்ட்ரிஜைத் திட்ட வேண்டாம், லேசர் கண்ணாடியில் தூசி இருந்தாலும் அப்படித்தான் வரும். இன்னொரு கார்ட்ரிஜைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரீஃபில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. ஒவ்வொரு தடவையும் வழித்த பவுடர் சேரும் வேஸ்ட் அறையைக் காலி செய்யச் சொல்லுங்கள். பக்கவாட்டில் துளை போட்டு பவுடர் ஊற்றும் கடைகளில் இதைச் செய்வதில்லை. அறை நிரம்பியதும் பழைய தூள் வழிந்து தாளில் பொட்டுப்பொட்டாக விழும். மூன்றாவது ரீஃபிலுக்கு டிரம்மையும் வைப்பர் பிளேடையும் மாற்றியே ஆக வேண்டும்.

கொட்டிய பவுடரை உலர்ந்த துணியால் துடைத்து, குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் துணியில் பிடித்துக்கொள்ளும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம். அந்த நுண்தூள் அதன் வடிகட்டியைத் தாண்டிக் காற்றில் கலக்கும்.

சிப் உள்ள புதிய பிரிண்டர் என்றால், கம்பாட்டிபிள் வாங்கும் முன்பே ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிடுங்கள். நேற்று வரை வேலை செய்த சிப்பை அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் ஏற்க மறுக்கலாம். வாரண்டி குறித்து எச்.பி. சொல்வது இதுதான்: வேறு கார்ட்ரிஜ் போட்டதால் மட்டும் வாரண்டி போகாது, ஆனால் அதனால் பழுது வந்திருந்தால் செலவு உங்களுடையது. வாரண்டி ஓடும் காலத்தில் ஒரிஜினலையே போட்டு, அது முடிந்த பிறகு மாறுவது நல்லது.