வெரிகோசீல்: ஸ்கேனில் தெரிந்தாலே ஆபரேஷனா?

காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுபோல விதைப்பைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களும் புடைத்துச் சுருளும். அதுதான் வெரிகோசீல். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல், குழந்தையும் பிறந்து, காலம் ஓடிவிடும். சிலருக்கு மட்டும் விந்தணுவைப் பாதித்து, குழந்தை பிறப்பதைத் தள்ளிப்போடலாம்.

பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும். இடது விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை (ரத்தக்குழாய்) நீளமானது. நேராக இடது சிறுநீரகச் சிரையில் போய் முட்டுகிறது. ரத்தம் மேலேறத் திணறிக் கீழே தேங்குகிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே ஆபரேஷனுக்குத் தேதி கேட்பது. முதலில் வேண்டியது கைப் பரிசோதனை. அதுவும் நிற்க வைத்து. மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, டாக்டர் விரலால் தடவிப் பார்ப்பார். படுத்தால் வீக்கம் வடிந்துவிடும் என்பதால் படுக்க வைத்து மட்டும் பார்த்தால் தவறிவிடலாம். கைக்கு எட்டாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிகோசீலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றே அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. கைக்குத் தட்டுப்பட்டு, விந்துப் பரிசோதனையும் சரியில்லாமல், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு. விடாத வலி இருந்தாலும் யோசிக்கலாம். ஆனால் வலிக்கு வேறு காரணம் இல்லையென்று முதலில் தெரியவேண்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, ஒரே ஒரு விந்துப் பரிசோதனையை வைத்து முடிவெடுப்பது. காய்ச்சல் வந்துபோனாலே விந்தணு எண்ணிக்கை சரியும். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுத்து, சில வாரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்கவேண்டும். மனைவிக்கான பரிசோதனைகளையும் கூடவே முடித்துவிடுங்கள். அவருடைய வயதும் இந்தக் கணக்கில் உண்டு.

சுருண்ட குழாயை மாத்திரையோ லேகியமோ நிமிர்த்தாது. இறுக்கமான உள்ளாடை கனத்த வலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

வலப்பக்கம் மட்டும் பெரிதாக வந்தாலோ, நடுவயதில் திடீரென வந்தாலோ, படுத்தும் வடியாமல் நின்றாலோ அலட்சியம் வேண்டாம். சிறுநீரகம், வயிறு இரண்டையும் ஸ்கேன் செய்து கட்டி ஏதும் இல்லையென்று பார்க்கவேண்டும். சட்டென்று கடும் வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குச் சில மணி நேரமே அவகாசம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அடுத்த மாதமே ரிசல்ட் பார்த்து நொந்துபோகிறார்கள். விந்தணு உருவாகி வெளிவரவே ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதற்கு முன் பரிசோதனைக்குப் போவது பணத்துக்குத்தான் கேடு.