பத்து டோனர், ஒரு நாடு: ஒருங்கிணைப்பில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

2007ஆம் ஆண்டில் வியட்நாமுக்கு 752 டோனர் குழுக்கள் வந்துபோயின. டோனர் என்றால் ஏழை நாடுகளுக்கு உதவிப்பணம் தரும் நாடுகளும் அமைப்புகளும். வேலைநாள் கணக்கில் பார்த்தால் நாளைக்கு மூன்று குழு. ஒவ்வொன்றையும் உட்காரவைத்துப் பேச ஒரு மூத்த அதிகாரி வேண்டும், வெளியூருக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டும், போன வாரம் வந்தவர்கள் கேட்ட அதே புள்ளிவிவரத்தை இந்த வாரம் வந்தவர்களின் படிவத்தில் மறுபடி நிரப்பித்தர ஆள் வேண்டும். இத்தனைக்கும் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2005 மார்ச்சில், பணக்கார நாடுகளும் வாங்கும் நாடுகளும் பாரிஸில் கூடி ஒரு பிரகடனம் போட்டிருந்தன. இனிமேல் தனித்தனியாக வந்து படுத்த மாட்டோம், சேர்ந்து வருவோம், உங்கள் நாட்டுத் திட்டத்துக்குப் பின்னால் நிற்போம், முடிந்தவரை உங்கள் கஜானா வழியாகவே பணம் தருவோம் என்று. 2010க்குள் எட்டவேண்டும் என்று வைத்த 13 இலக்குகளில் எட்டியது ஒன்றே ஒன்று.

தொண்டு நிறுவனங்களில், ஐ.நா. அமைப்புகளில் வேலைக்குப் போகிறவர்களும் சரி, இதைப் பற்றிச் செய்தி எழுதுகிறவர்களும் சரி, இந்த விஷயத்தை டோனர்களின் குணம் சம்பந்தப்பட்டதாகவே பார்க்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் மனது வைத்து, கொஞ்சம் அதிகமாகப் பேசிக்கொண்டால் சரியாகிவிடும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்கும் நாட்டின் நிதியமைச்சகத்துக்கு "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் தெம்பு இருக்கிற இடத்தில்தான் ஒருங்கிணைப்பு நடந்திருக்கிறது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

கூட்டம் நடந்தால் ஒருங்கிணைப்பு நடந்துவிட்டது என்று எண்ணுவதுதான் இருப்பதிலேயே சாதாரணமான தவறு. சுகாதாரம், கல்வி, விவசாயம், குடிநீர் என்று துறைக்கு ஒரு பணிக்குழு இருக்கும். அமைச்சகத்தின் செயலாளரும் ஒரு டோனரின் பிரதிநிதியும் சேர்ந்து தலைமை தாங்குவார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள், குறிப்பு எடுப்பார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எந்த டோனராவது தன் திட்டத்தை மாற்றினாரா, கைவிட்டாரா, வேறு மாவட்டத்துக்கு நகர்த்தினாரா? இல்லை என்றால் அங்கே நடந்தது தகவல் பரிமாற்றம். அது நல்லதுதான், ஆனால் அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

ஹைத்தியில் இது உச்சத்துக்குப் போனது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு உறைவிடம், தண்ணீர், சுகாதாரம் என்று துறைவாரிக் குழுக்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐ.நா. தளத்தில் கூடின. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த நாட்டில் பேசுவது கிரியோல், அரசாங்கக் காகிதங்கள் பிரெஞ்சில். உள்ளூர் அமைப்பைச் சேர்ந்தவர் முதலில் காவல் வாசலைத் தாண்ட வேண்டும், தாண்டினாலும் உள்ளே பேசுவது புரியவேண்டும். குழுக்கள் ஒழுங்காகத்தான் கூடின. ஆனால் முதல்கட்ட நிவாரணப் பணத்தில் ஹைத்தி அரசின் கைக்குப் போனது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அப்புறம் பில் கிளிண்டனும் ஹைத்தி பிரதமர் பெல்லரிவும் இணைத்தலைவர்களாக ஒரு மறுகட்டுமான ஆணையம் வந்தது. அதன் காலம் 2011 அக்டோபரில் முடிந்தபோது அதை நீட்டிக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இரண்டு உதாரணம் சொல்லலாம். ஒன்று நம்முடையது. 2003 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங், சிறிய அளவில் உதவும் நாடுகளிடம் இனி அரசுக்கு அரசு உதவி வாங்கப்போவதில்லை, அவர்கள் விரும்பினால் தொண்டு நிறுவனங்களுக்குத் தரட்டும் என்றார். ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய யூனியன், ரஷ்யா என்று சிலரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள் என்பது வேறு கதை. இந்தியாவுக்கு அந்தப் பணம் பட்ஜெட்டில் தூசு மாதிரி, அதனால் சொல்ல முடிந்தது என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இரண்டாவது உதாரணம் முக்கியம்: ருவாண்டா. பட்ஜெட்டில் பாதிக்குக் கிட்ட வெளிப்பணமாக இருந்த காலத்தில் அந்த நாடு 2010இல் டோனர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு அதிகபட்சம் மூன்று துறை, எந்த மூன்று என்று நாங்களும் சேர்ந்து முடிவு செய்வோம் என்றது. அதோடு விடவில்லை, டோனர்களுக்கே வருடா வருடம் மார்க் போட ஆரம்பித்தது: பணம் சொன்ன தேதிக்கு வந்ததா, அரசின் கணக்கு முறை வழியாக வந்ததா, எத்தனை குழுக்கள் தனியாக வந்தன என்று.

ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு அவர்களின் சுகாதாரக் கணக்கைப் பார்த்தால் போதும். 2005 வாக்கில் ருவாண்டாவுக்கு வந்த உதவியில் எச்.ஐ.வி.க்கு என்று ஒதுக்கியது சுமார் 4.7 கோடி டாலர், மலேரியாவுக்கு 1.8 கோடி, குழந்தைகளின் சாதாரண நோய்களைக் கவனிக்க 10 லட்சம். எச்.ஐ.வி. அங்கே பெரியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது, குழந்தைகளோ நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். இதில் எந்த டோனரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் நாட்டு நாடாளுமன்றத்தில் எதற்குக் கைதட்டு கிடைக்குமோ அதற்குப் பணம் தந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்களில் ஏழு பேர் சுவர்க்கடிகாரம் கொண்டுவந்த கதைதான். ஆகவே "சுகாதாரத் துறைக்கு இவ்வளவு வந்தது" என்ற மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்திப்படுவது இன்னொரு தவறு. துறைக்கு உள்ளே எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணால் பிரயோசனம் இல்லை.

இங்கே டோனர்களை மட்டும் திட்டுவதும் சரியில்லை. துறை அமைச்சகங்களுக்கே ஒருங்கிணைப்பு பிடிக்காது. யோசித்துப் பாருங்கள், விவசாய அமைச்சகத்துக்கு ஒரு டோனர் நேரடியாகத் தரும் திட்டத்தில் புது வண்டி இருக்கிறது, பயிற்சிக்குப் போனால் படிக்காசு இருக்கிறது, வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம் இருக்கிறது. அதே பணம் நிதியமைச்சகம் வழியாகப் பொதுவில் வந்தால் இதெல்லாம் கல்வி, சாலை, போலீஸ் எல்லாவற்றோடும் போட்டி போட்டுத்தான் கிடைக்கும். அதனால் ஒரு டோனரை "நீங்கள் இந்தத் துறையை விட்டு வெளியேறுங்கள்" என்று நிதியமைச்சகம் சொன்னால், "அவரை அனுப்பாதீர்கள்" என்று முதலில் ஓடிவருவது அந்தத் துறையின் அமைச்சராகவே இருக்கலாம். ஒரு நாட்டை "அரசு" என்று ஒற்றை ஆளாக நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

தனி ப்ராஜெக்ட் அலுவலகம் திறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமைச்சகம் மெதுவாக வேலை செய்கிறது என்று டோனர் தனி வங்கிக் கணக்கு, தனி கணக்காளர், தனிச் சம்பள அளவு என்று ஓர் அலுவலகம் வைப்பார். அமைச்சகத்தில் இருந்த நல்ல கணக்காளர் இரண்டு மூன்று மடங்கு சம்பளத்துக்கு அங்கே போய்விடுவார். அமைச்சகம் இன்னும் மெதுவாகும். மலாவியில் நர்ஸ்களும் டாக்டர்களும் கொத்துக்கொத்தாக வெளியேறியபோது இதற்கு மாற்றாக ஒன்று செய்தார்கள்: பிரிட்டனும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்குப் பணம் தரும் உலக நிதியமும் (Global Fund), அரசும் சேர்ந்து, அரசு மருத்துவமனை ஊழியர்களின் அரசுச் சம்பளத்தையே 52 சதவீதம் உயர்த்திக் கொடுத்தன. சம்பளத்துக்கு டோனர் பணம் தருவதா என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு.

காலண்டர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது, ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் ஏப்ரல், ஜெர்மனிக்கு ஜனவரி. தான்சானியாவுக்கு ஜூலை. ஜூலையில் தொடங்கும் பட்ஜெட்டுக்கு மார்ச் மாதம் எண் கேட்டால், ஒரு டோனர் "எங்கள் நாடாளுமன்றம் இன்னும் முடிவு செய்யவில்லை" என்பார், இன்னொருவர் இரண்டு வருடத்துக்கான தொகையைச் சேர்த்துச் சொல்வார். அதை வைத்துக்கொண்டு மருந்து வாங்க ஆர்டர் போடவேண்டும். தான்சானியாவில் 1990களின் முதல் பாதியில் டோனர்களோடு உறவு கெட்டுப்போய், டென்மார்க்கின் ஏற்பாட்டில் கனடா பொருளாதார அறிஞர் ஜெரால்ட் ஹெல்லைனர் தலைமையில் வந்த குழு 1995இல் இரு தரப்பையும் பாரபட்சம் இல்லாமல் விளாசியது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்த மாற்றங்களில் ஒன்று, பட்ஜெட் போடும் மாதங்களில் டோனர் குழுக்கள் யாரும் வராதீர்கள் என்று அரசு சொன்னது. எங்களை வேலை செய்ய விடுங்கள், அவ்வளவுதான். அறிவிப்பு, ஒப்பந்தம், கைக்கு வந்த பணம், இந்த மூன்றும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாநாட்டில் அறிவித்த தொகையைத் தலைப்பில் போடும் நண்பர்கள் அடுத்த வருடம் கைக்கு வந்த தொகையையும் தேடிப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

சரி, எல்லோரும் தங்கள் பணத்தை ஒரே கூடையில் போட்டு அரசு பட்ஜெட்டுக்கே கொடுத்துவிட்டால்? 2000களில் எல்லோரும் பூரித்துப்போன யோசனை இது, பட்ஜெட் ஆதரவு என்பார்கள். நான் இதன் எதிரி இல்லை, ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. சேர்ந்து வருகிறவர்கள் சேர்ந்தே போவார்கள். மலாவியில் 2013 செப்டம்பரில் கேஷ்கேட் ஊழல் வெடித்தது. அரசின் கணிப்பொறிக் கணக்கு அமைப்பில் போலிப் பணப்பட்டுவாடாக்களைப் பதிவு செய்து, காசோலை மாறியதும் பதிவையே அழித்திருக்கிறார்கள். ஊழியர் ஒருவரின் காரில் கட்டுக்கட்டாகப் பணம் கிடைத்தது. பட்ஜெட் ஆதரவு தந்த டோனர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். மொசாம்பிக்கில் 2016 ஏப்ரலில், நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் அரசு உத்தரவாதத்தோடு வாங்கிய நூறு கோடி டாலருக்கு மேலான கடன் வெளியே வந்தது, 14 டோனர்கள் ஒன்றாகக் கையை விரித்தார்கள். நிறுத்தியது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் திருடியது தலைநகரத்தில் சிலர், பணம் நின்றதால் மருந்துக்குத் தவிப்பது மாவட்ட ஆஸ்பத்திரி. கூடையில் போடும்போதே, நிறுத்த வேண்டி வந்தால் எதை முதலில் நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது என்று எழுதிவைக்காமல் போவதுதான் இதில் உள்ள தவறு.

துறைகளுக்கு நடுவில் விழும் விஷயங்களும் இருக்கின்றன. சத்துக்குறைவு யாருடைய துறை? சுகாதாரமா, விவசாயமா, குடிநீரா? ருவாண்டாவில் 2014-15 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 38 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். இத்தனை ஒழுங்காகத் துறை பிரித்த நாட்டில்! ஆளுக்கு மூன்று துறை என்ற விதி நெரிசலைக் குறைக்கும், எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பிரச்சினைக்கு அதனால் ஆள் கிடைக்காது. அதற்குப் பிரதமர் அலுவலகம் மாதிரி துறைகளுக்கு மேலே இருக்கிற ஓர் இடம் தேவைப்படுகிறது.

மேசையில் யார் இல்லை என்று பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. சீனா பணக்கார டோனர்களின் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, அது தன் பாட்டுக்குத் தலைநகரில் மேலிடத்தோடு பேசி சாலையோ அரங்கமோ கட்டும். அது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது உலக நிதியத்தை. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்காக 2002இல் வந்த அது பல ஏழை நாடுகளில் சுகாதாரத்துக்குப் பெரும்பணம் தருகிறது, ஆனால் எந்த நாட்டிலும் அதற்கு அலுவலகம் கிடையாது. ஊழியர்கள் ஜெனீவாவில் இருக்கிறார்கள். துறைக் கூட்டத்தில் பத்து லட்சம் டாலர் தருகிறவர் நீட்டி முழக்குவார், பத்துக் கோடி தருகிறவரின் நாற்காலியே இருக்காது.

கடைசியாக, வெளியேறுவதை யாருமே ஒருங்கிணைப்பதில்லை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைத்தது, ஜூலை 1 அன்று அந்நாட்டு அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் உதவித் திட்டங்களை நடத்துவதையே நிறுத்தியது. பிப்ரவரியில் பிரிட்டன், தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 ஆக்குவதாக அறிவித்தது. ஜெர்மனியும் நெதர்லாந்தும் குறைத்துக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆப்பிரிக்காவின் பல எச்.ஐ.வி. கிளினிக்குகளில் மாத்திரை கொடுப்பவர், ரத்தப் பரிசோதனை முடிவைக் கணிப்பொறியில் ஏற்றுபவர், மாத்திரை வாங்க வராதவரை வீடு தேடிப்போய்ப் பார்ப்பவர் எல்லாம் தொண்டு நிறுவனச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். அரசின் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லாததால், யாரை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வதற்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டி வந்தது. ஒரு திட்டத்தின் ஒப்பந்தம் உங்கள் கைக்கு வந்தால் தொடக்க விழாத் தேதியை விட்டுவிட்டு இதைத் தேடுங்கள்: எந்தப் பணியிடம் எந்த வருடம் அரசுச் சம்பளத்துக்கு மாறும், அதற்கான தொகையை எந்த பட்ஜெட் தலைப்பில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இல்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.