முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு 40 வயதுக்காரர்களை வரவைப்பது எப்படி

நம் ஊர்ப் பக்கம் வட்ட அளவில் நடக்கும் முன்னாள் படைவீரர் நலச் சங்கங்களின் கூட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மேடையில் 1971 போரைப் பார்த்தவர்கள். முன்வரிசையில் 1987-90இல் அமைதிப்படையில் இலங்கைக்குப் போய்வந்தவர்கள். கதவோரமாகக் கார்கில் காலத்து ஆட்கள் நாலைந்து பேர். அதற்குப் பிறகு பென்ஷன் வந்தவர்கள் யாருமே இல்லை.

70 வயதில் சங்கம் என்பது பழைய நண்பர்களைப் பார்க்கும் இடம். 15 முதல் 20 ஆண்டு சேவை முடித்து 38 வயதில் ஊர் திரும்பியவருக்கு வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இரண்டாவது வேலையும் இருக்கின்றன. ஞாயிறு காலை 10 மணிக்கு நீங்கள் கொடி ஏற்றும்போது அவர் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் ஷிப்டில் நிற்பார். இதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

முதலில் பதிவேடு

உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த ஆண்டு, டிஸ்சார்ஜ் ஆன ஆண்டு, ரேங்க், கடைசியாகச் சந்தா கட்டிய ஆண்டு, இப்போதைய கைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து போன் போட்டுக் கேட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இந்த வேலையைத் தள்ளிப்போடும் சங்கங்கள் கோரத்தில், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற எண்ணிக்கையில், மாட்டிக்கொள்கின்றன. கணக்கு இதுதான்: பதிவேட்டில் 240 பெயர், விதிமுறைப்படி மூன்றில் ஒரு பங்கு வந்தால்தான் பொதுக்குழு செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பேர் வேண்டும். ஆனால் அந்த 240இல் 90 பேர் காலமாகிவிட்டார்கள், 50 பேர் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார்கள். மிச்சம் 100 பேரில் 80 பேரை ஒரே நாளில் கூட்டுவது நடக்காது. பொதுக்குழு கூடாததால் புதிய நிர்வாகமும் வராது.

காலமானவர்களின் பெயரை நீக்கும்போது அதே வரியில் மனைவியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவரை வாக்குரிமையுள்ள உறுப்பினராகச் சேர்க்க விதிமுறையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கீழே சொல்லும் திருத்தத்தோடு இதையும் சேர்த்துவிடலாம். குடும்ப பென்ஷன் வாங்கும் பெண்களைக் கொடிநாளன்று புடவை வாங்க மட்டும் அழைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஒரு மேசை, ஒரு லேப்டாப், இரண்டு ஆள்

இளையவர்கள் சங்கத்துக்குள் கால் வைக்க இருக்கும் ஒரே நல்ல வாசல் உதவி மேசை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மாலை 5 முதல் 8 வரை போதும். படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளம் தெரிந்த இளையவர் ஒருவரையும், விதிகள் தெரிந்து மனு எழுதத் தெரிந்த மூத்தவர் ஒருவரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். மூத்தவருக்குக் கணினியோடு மல்லுக்கட்ட வேண்டாம். இளையவருக்கு, சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எப்படி எழுதுவது என்ற படிப்பு இலவசமாகக் கிடைக்கும். இருவரும் பேசிப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பென்ஷன்தாரர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று வேலை நவம்பரில் குவியும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே வாழ்நாள் சான்று கொடுக்கலாம். ஆகவே அவர்களை முதலில் முடித்துவிடுங்கள். இந்தச் சான்றை இணையம் வழியாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாணில் அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. பழைய பிபிஓ (பென்ஷன் ஆணை) எண்ணைப் போடுவது முதல் தவறு; ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் 12 இலக்கப் புதிய எண்ணைத்தான் போட வேண்டும். அதிகாரி பெயரைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. அனுமதிக்கும் அதிகாரி ‘டிஃபென்ஸ் - பிசிடிஏ (பி) அலகாபாத்’, வழங்கும் அதிகாரி ‘ஸ்பர்ஷ் - பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத்’ என்று இருக்க வேண்டும். பென்ஷன் வங்கிக் கணக்கில் வருகிறதே என்று வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று வேறெங்கோ போய் நிற்கும். மூன்றாவது, தேய்ந்துபோன கைரேகை. அதற்கு முகம் பார்த்துச் சரிபார்க்கும் செயலி இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தால் பெரும்பாலும் முதல் தடவையே ஏற்றுக்கொள்ளும்.

பெயர்க் குழப்பம் தனி ரகம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். மனைவி பெயர் ஒன்றில் லக்ஷ்மி, இன்னொன்றில் இலட்சுமி. இதைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்திவிட வேண்டும். அவர் போன பிறகு திருத்த முயன்றால் குடும்ப பென்ஷன் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

மேசையில் இரண்டு கட்டுப்பாடுகள். யாருடைய ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் சங்கத்து நோட்டில் எழுதி வைக்கக் கூடாது. அரியர் வாங்கிக்கொடுத்ததற்கு ‘பார்த்துச் செய்யுங்க’ என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தச் செய்தி அன்று சாயங்காலமே கேன்டீன் வரிசைக்குப் போய்விடும்.

இளையவருக்கு என்ன கொடுக்க முடியும்

வேலை, பிள்ளைகளின் படிப்பு: இந்த இரண்டில் சரியான தகவல் சொல்லும் சங்கத்தை 40 வயதுக்காரர் தேடி வருவார்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளில் அதே நிலையில் 14.5 சதவீதம் இடம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். ஒரு வேலையில் சேர்ந்ததும் அந்தச் சலுகை தீர்ந்துவிடும் என்பதும் தெரியும். அதிலிருக்கும் விலக்குதான் பலருக்குத் தெரியாது. சேர்வதற்கு முன் விண்ணப்பித்திருந்த மற்ற பணிகளின் பட்டியலைத் தேதியோடு எழுதி, சேர்ந்த உடனே புதிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பங்களுக்குச் சலுகை தொடரும். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால் பயனில்லை. ஆகவே ஏதாவது தேர்வு எழுதும் ஒவ்வொருவரிடமும் விண்ணப்பத் தேதிகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

பிரதமர் கல்வி உதவித்தொகை மாதம் மாணவருக்கு 2,500 ரூபாய், மாணவிக்கு 3,000 ரூபாய். அதிகாரி நிலைக்குக் கீழ் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கானது. 12ஆம் வகுப்பில் குறைந்தது 60 சதவீதம் வேண்டும். தொழிற்கல்விப் படிப்பில் முதலாமாண்டு சேர்ந்தவர்களே புதிதாக விண்ணப்பிக்கலாம். இரண்டாமாண்டில் நினைவு வந்து பயனில்லை. மே மாதம் மதிப்பெண் வந்தவுடன் உறுப்பினர்களில் யார் யார் வீட்டில் பிள்ளைகள் 12 முடித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பட்டியல் போடுங்கள்.

விதிமுறைத் திருத்தமும் அக்னிவீரர்களும்

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணி அக்னிவீரர்கள் 4 ஆண்டு முடித்து 2026 இறுதி, 2027 தொடக்கத்தில் வெளியே வருகிறார்கள். அவர்களில் 25 சதவீதம் வரை மட்டுமே தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அறிவிப்பு. மற்றவர்கள் சேவா நிதி என்ற பெயரில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தத் தொகையோடு வருவார்கள். பென்ஷன் கிடையாது, ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. உங்கள் விதிமுறையில் ‘அரசு வரையறைப்படி முன்னாள் படைவீரர்’ என்று எழுதியிருந்தால் 22 வயதில் சீருடை கழற்றிய பையனைச் சேர்க்க வழியில்லை. ‘முப்படைகளில் ஏதேனும் ஒன்றில் பணிபுரிந்து முறைப்படி விடுவிக்கப்பட்டவர்’ என்று மாற்றுங்கள். ‘இணை உறுப்பினர், வாக்கில்லை’ என்று வைக்கலாம் என்பார்கள். வாக்கில்லாத இடத்துக்கு யாரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிந்த சங்கமானால் விதிமுறையை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு, வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. அறிவிப்பிலேயே இது சிறப்புத் தீர்மானம் என்று எழுதி, பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். நிறைவேறியதும் தாமதிக்காமல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. திரும்பத் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. அதனால்தான் 20 ஆண்டுத் தலைவர்கள் உருவாகிறார்கள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவி இல்லை என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

இளைஞர் அணி மட்டும் வேண்டாம். நாற்காலி தூக்கவும் பேனர் கட்டவும் ஆள் வைத்தது போல ஆகிவிடும். 50 வயதுக்குக் கீழுள்ள ஒருவரைப் பொருளாளராக்கி வங்கிக் கையெழுத்தைக் கொடுங்கள். கையெழுத்து மாற்றத்துக்குத் தீர்மான நகலும் அடையாளச் சான்றுகளும் வங்கிக்கு வேண்டும்.

கூட்டமும் பணமும்

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். நமக்கு அது போகியோ பொங்கலோ. அன்றைக்குக் கூட்டம் வைத்தால் வீட்டில் திட்டு விழும். ஆனால் சென்னை, ஓசூர், கோவை என்று சிதறிக் கிடக்கும் இளையவர்கள் ஊரில் இருக்கும் வாரம் அதுதான். பொதுக்குழுவைக் காணும் பொங்கல் அன்று காலையில் வையுங்கள். டிசம்பர் 20க்குள் அறிவிப்பு எல்லோர் கையிலும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். பொன்னாடை ஒருவருக்கு 2 நிமிடம் என்றாலும் 15 பேருக்கு அரை மணி நேரம். ரேங்க் வாரியாக நாற்காலி போட வேண்டாம். சுபேதாரை ‘சாப்’ என்று அழைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை, ஆனால் அவரைவிடக் கீழ் ரேங்கான நாயக் எழுந்து கேள்வி கேட்டால் கையமர்த்தவும் கூடாது. படைப்பணிக்காகச் சம்பளத்தோடு தரும் மிலிட்டரி சர்வீஸ் பே அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய், ஜவான்களுக்கு 5,200 ரூபாய் என்ற கோபம் ஜவான்களிடம் நிஜமாகவே இருக்கிறது. வட்டச் சங்கம் அதில் ஒரு பக்கம் சாய்ந்து லெட்டர்பேடில் அறிக்கை விட்டால் இரண்டாக உடையும். அந்தப் போராட்டத்துக்கு அகில இந்திய அமைப்புகள் இருக்கின்றன, விரும்புகிறவர்கள் தனிப்பட்ட முறையில் சேரட்டும். கட்சி அரசியலுக்கும் இதே விதி. வாட்ஸ்அப்பில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் அறிவிப்புக் குழு ஒன்று, அரட்டைக்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால் ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) வதந்திகள் அறிவிப்புக்குள் கலக்காது.

ஆயுள் சந்தாவை வாங்கிச் செலவழித்ததுதான் பல சங்கங்களின் கஜானா காலியானதற்குக் காரணம். ஆயுள் சந்தா முழுவதையும் நிரந்தர வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள். ஆண்டுச் சந்தாவை ஜிபேயில் வாங்கலாம், ஆனால் சங்கக் கணக்கின் க்யூஆர் வழியாக மட்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு வந்த பணம் எவ்வளவு நேர்மையாகக் கணக்கில் ஏறினாலும் சந்தேகம் ஏறாமல் இருக்காது.

நிர்வாகம் மாறும் நாளில் பதிவுச் சான்று, விதிமுறை நூல், தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டை, வங்கிப் பாஸ்புக், வைப்புச் சீட்டு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இவை பழைய செயலாளரின் வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தால், கூட்டத்துக்கு முந்தைய வாரமே போய் இறக்கிக்கொண்டு வாருங்கள்.