சுரங்கக் கழிவுநீரில் உயிர்வழி ஃப்ளாக்குலன்ட்: எங்கே சறுக்குகிறது?

சுரங்கக் கழிவுநீரைத் தெளிய வைக்க, செயற்கை பாலிமரான பாலிஅக்ரிலமைடுக்குப் பதிலாகக் கைட்டோசானையோ (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) குவார் கம்மையோ (கொத்தவரை விதைப் பசை) போட்டுப் பார்த்துவிட்டு, "இயற்கைப் பொருள் சுரங்க நீருக்குச் சரிப்படாது" என்று கைவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு பொருளில் இல்லை, நீரின் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவில் இருக்கிறது.

முதலில் ஒன்று. ஃப்ளாக்குலன்ட் மிதக்கும் நுண்துகளைத்தான் திரட்டும். கரைந்திருக்கும் உலோகத்தைத் தானாக இறக்காது. பி.எச். 3 உள்ள அமிலச் சுரங்க நீரில் இரும்பு கரைந்தே கிடக்கும். சுண்ணாம்பு சேர்த்து, காற்றூட்டி, பி.எச்.சை 8–9க்கு ஏற்றினால்தான் அது ஹைட்ராக்சைடாகப் பிரியும். மாங்கனீசுக்கு அதற்கும் மேலே போக வேண்டும்.

அங்கேதான் அடுத்த சறுக்கல். கைட்டோசானின் பலம் அதன் நேர்மின்னேற்றம். பி.எச். 6.5 அருகிலேயே அதில் ஏறக்குறைய பாதி போய்விடும், 8.5இல் மிச்சம் சொற்பம். சுண்ணாம்பு போட்ட நீரில் கைட்டோசானைக் கொட்டிவிட்டு "டோஸ் போதவில்லை" என்று கூட்டுவது வீண் செலவு. அந்த நீருக்கு மின்னேற்றத்தை நம்பாத குவார் கம்மை முயலலாம். கைட்டோசானுக்கு ஏற்ற இடம், சற்றே அமிலத்தன்மையுள்ள களிமண் கலங்கல்.

கரைசல் தயாரிப்பிலும் கவனம் தேவை. 10 கிராம் கைட்டோசானை 1 லிட்டர் 1% அசிட்டிக் அமிலத்தில் சில மணி நேரம் கலக்கிக் கரைக்க வேண்டும். கைக்கு எட்டுகிறதே என்று கந்தக அமிலத்தை எடுக்காதீர்கள். சல்பேட்டோடு சேர்ந்தால் கைட்டோசான் கரையாமல் பிரியும். சல்பேட் நிறைந்த சுரங்க நீரிலேயே கரைசலை நீர்க்கச் செய்வதும் இதே தவறுதான். நல்ல நீரால் 0.1% ஆக்கிக்கொண்டால், லிட்டருக்கு 1 மி.லி. விட்டால் 1 மி.கி. டோஸ், கணக்கும் எளிது.

குவார் கம் தூளை மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசையாகி, உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும். சுழலும் நீரில் மெல்லத் தூவி, ஓரிரு மணி நேரம் ஊறவிடுங்கள். அன்றன்றே தீர்த்துவிடுவது நல்லது: நுண்ணுயிர்கள் சங்கிலியை வெட்டிவிட்டால், பிசுபிசுப்போடு திரட்டும் திறனும் போய்விடும்.

டோஸை ஜார் டெஸ்ட் (ஒரே நீரைப் பல பீக்கர்களில் வெவ்வேறு டோஸில் கலக்கிப் பார்ப்பது) இல்லாமல் முடிவு செய்யவே கூடாது. ஆறு பீக்கர், கைட்டோசான் என்றால் லிட்டருக்கு 0, 1, 2, 4, 8, 12 மி.கி. நிமிடத்துக்கு 150 சுற்றில் 1 நிமிடம், 30 சுற்றில் 15 நிமிடம், பிறகு அரை மணி நேரம் அசையாமல் விட வேண்டும். கலங்கல் குறைந்து மறுபடி ஏறினால் அளவு மிஞ்சிவிட்டது. துகள்கள் இப்போது நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. நேற்று எடுத்த மாதிரி வேண்டாம். அதில் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரே வேறாகியிருக்கும்.

ஜாரில் தெளிந்தது தொட்டியில் தெளியாவிட்டால் பம்பைப் பாருங்கள். உருவான திரள் மையவிலக்கு பம்பு வழியே போனால் நொறுங்கும். டோஸ் செய்யும் இடம், நீர் பம்பைத் தாண்டிய பிறகு இருக்கட்டும்.

இன்னொரு இயற்கைப் பொருளான முருங்கை விதையில் வேலை செய்வது முக்கியமாக அதன் புரதம். மற்ற கரிமப் பொருள்கள் நீரிலேயே தங்கி பி.ஓ.டி.யை (கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஏற்றும். இந்தியாவில் நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு 30 மி.கி./லி. என்பதால், எண்ணெய் நீக்கிய விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றையே பயன்படுத்துங்கள். மீந்த கைட்டோசான் டிரௌட் மீன்களுக்கு நஞ்சு. ஓடையில் விடும் நீர் என்றால் அதையும் அளந்து பார்க்க வேண்டும்.

இரும்புத்தாது ஆலையில் மாவுச்சத்தை ஃப்ளாக்குலன்டாகப் போட்டுத் தெளிந்த நீரைத் திரும்ப மிதப்புத் தொட்டிக்கு (காற்றுக் குமிழிகளால் துகள்களைப் பிரிக்கும் தொட்டி) அனுப்புவதானால், அதன் மீதத்தைக் கவனியுங்கள். அங்கே ஹெமடைட் என்ற இரும்புக் கனிமத்தை மிதக்கவிடாமல் அழுத்த வேண்டுமென்றே சேர்ப்பதும் மாவுச்சத்துதான். கணக்கில் வராத மீதம் மிதப்பின் சமநிலையைக் குலைக்கும்.