வெளிநாட்டார் பங்கு கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது

நாகர்கோவிலில் கணக்கு எழுதுகிறேன். குலசேகரத்து ரப்பர்காரர்களும் ஈத்தாமொழி கயிறு ஆலைக்காரர்களும் "வெளிநாட்டுக்காரன் பங்கு கேக்கான், என்ன செய்ய?" என்று வருவார்கள். தொகை கிடக்கட்டும். அந்தப் பணம் எந்த ஊர்ப் பணம்?

காகிதத்தில் மொரீஷியஸ், சிங்கப்பூர் என்றிருந்தால் அதோடு நிற்காதீர்கள். அந்த நாடுகளோடு இந்தியா செய்த வரி ஒப்பந்தச் சலுகைக்காகப் பல நாட்டுப் பணம் அவ்வழியாக வந்திருக்கிறது. 2016இல் மொரீஷியஸ் ஒப்பந்தம் திருத்தப்பட்டபின் அந்த ஈர்ப்பு குறைந்தது. அந்தப் பணத்தின் இறுதி உரிமையாளர் யாரென்று எழுத்தில் வாங்குங்கள். நம்மோடு நில எல்லை உள்ள நாட்டுக்காரர் என்றால் மத்திய அரசின் முன் அனுமதி கேட்கும் 2020 விதி இருக்கிறது. அதன் இன்றைய வடிவத்தைப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

அமெரிக்கர் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கேட்பார். வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் 1977ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அவரை இங்கேயும் விடாது.

ஐரோப்பாவுக்கு ரப்பர் விற்கும் முதலீட்டாளர் தோட்டத்தின் இருப்பிடத்தையே கேட்பார். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டத்தில் ரப்பரும் உண்டு. சிறு தோட்டக்காரர்களிடம் வாங்குகிற நமக்கு இதுதான் பெரிய வேலை. பட்டா, சர்வே எண், வரைபடப் புள்ளி எல்லாவற்றையும் இன்றே சேகரியுங்கள்.

கொரியரும் ஜப்பானியரும் தங்கள் நாட்டு உதிரிபாக நிறுவனங்களையும் அழைத்து வருவதுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் அப்படித்தான் வந்தது. அதனால் நம்மூர் ரப்பர் ஷீட்டை எவ்வளவு வாங்குவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.