நழுவும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த: ஏழாம் வகுப்பு ஆசிரியருக்கு

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு தேர்வன்று வராது. பொங்கல் விடுமுறை முடிந்தும் இடம் காலியாகவே கிடக்கும். வருகைப் பதிவேட்டில் கடைசி இரண்டு மாதத்தைப் புரட்டினாலே பெயர்கள் கண்ணில் படும்.

குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போன பிள்ளையையும், வாசிக்கத் தெரியாத வெட்கத்தில் ஒளியும் பிள்ளையையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். சூளைக்குப் போன பிள்ளையை அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்க்கத் தலைமையாசிரியர் மூலம் பேசுங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

ஒளியும் பிள்ளைக்கு அறிவுரை வேண்டாம், வாசிப்புதான் மருந்து. மரத்தடியில் தனியாக உட்காரவைத்து மூன்று நிமிடம் சோதியுங்கள்: பத்து எழுத்து, பத்துச் சொல், இரண்டாம் வகுப்பு அளவில் நான்கு வரி. பலரும் தடுக்கி விழும் இடம் கொம்பும் காலும்தான். 'கெ'யும் 'கே'யும் குழம்பும். 'கொ'வில் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்பதால் 'கெ' என்று தொடங்கிவிட்டுத் திணறுவார்கள். 'கௌ'வின் கடைசிக் குறியை 'ள' என்றே படிப்பார்கள். அது பிள்ளையின் தவறில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

தினமும் 20 நிமிடம் போதும். ஒரு வரிசைக்கு (கொ, சொ, தொ என ஒரே குறி வரும் எழுத்துகள்) இரண்டு நாள். கொடி, தொட்டி, சொட்டு என்று பிள்ளை வாயில் புழங்கும் சொற்களாக எடுங்கள். வாசித்தபின் ஐந்து சொல் சொல்லச்சொல்ல எழுதட்டும். வெள்ளிக்கிழமை, ஐந்து முறை பழகிய ஒரு பத்தியை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டட்டும். சின்னக் குழந்தைகள் வாய்பிளந்து கேட்கும்போது வரும் நிமிர்வை எந்த மேடைப் பேச்சாளரும் தர முடியாது. அதே பிள்ளையைப் பழகாத பாடத்தோடு சொந்த வகுப்பில் எழுப்பிவிட்டால் அடுத்த வாரம் ஆளே வராது. 'மெல்லக் கற்போர்' என்ற சொல்லும் பிள்ளைகள் காதில் விழக் கூடாது. பாராட்டு குறிப்பாக இருக்கட்டும்: "இன்னைக்கு கொ, கோ ரெண்டையும் மாத்தாம படிச்சே." வெறும் 'சூப்பர்' மறுநாளே மறந்துபோகும்.

வீட்டுக்குப் போவதானால் கூலிவேலை முடிந்து வரும் ஏழு மணிக்கு மேல், இரண்டு பேராக. பதிவேட்டை எடுத்துப் போகாதீர்கள். பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தோடு பேச்சைத் தொடங்குங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் (பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்) என்பதைக் கணக்காகவே சொல்லலாம். கல்யாணப் பேச்சோ பட்டறை வேலையோ காதில் விழுந்தால் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

ஆசிரியர் அறைக்கு வருவோம். ஒருவர் தலையில் பதினைந்து பிள்ளைகளைக் கட்டினால் ஒரு மாதத்தில் எல்லாம் காகிதத்தில் மட்டும் நடக்கும். ஆளுக்கு மூன்று பேர், அவ்வளவுதான். அந்த 20 நிமிடத்துக்குத் தலைமையாசிரியர் ஏதாவதொரு பதிவேட்டு வேலையைக் குறைத்தாக வேண்டும். ஊக்கவுரை நேரத்துக்கு ஈடாகாது. வாரம் ஒருமுறை தேநீர் இடைவேளையில் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று மட்டும் பேசுங்கள்.

காலாண்டு விடுமுறைக்குப் பின் பாதி மறந்திருக்கும். அலுத்துக்கொள்ளாமல் இரண்டு வரிசை பின்னால் போய்த் தொடங்குங்கள்.