பழைய காருக்கு ஆயில்: கெட்டி ஆயில் எதை மறைக்கிறது?

செகண்ட்ஸில் மாருதி 800-ஓ ஜென்னோ வாங்கியவர் முதல் வாரமே ஆயில் மாற்றக் கிளம்பிவிடுகிறார். நல்ல பழக்கம். கடையில் "என்ன வண்டி சார்?" என்று கேட்கிறார்கள். "பழைய வண்டிதான்" என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் 20டபிள்யூ-50 கேன் மேஜைக்கு வந்துவிடுகிறது. எந்த வருடத்து வண்டி, என்ன எஞ்சின், மேனுவலில் என்ன போட்டிருக்கிறது என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை.

ஆயிலே மாற்றாமல் ஓட்டுவது, டிப்ஸ்டிக்கை உருவிக்கூடப் பார்க்காதது போன்றவற்றை விட்டுவிடுவோம். வண்டிமேல் அக்கறை உள்ளவர்களே செய்கிற தவறுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டபிள்யூ என்றால் வெயிட் இல்லை

அது வின்டர். 20டபிள்யூ என்பதில் உள்ள 20, கடுங்குளிரில் எஞ்சின் சுற்றுமா என்ற சோதனையைக் குறிக்கிறது. 20டபிள்யூ ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15 டிகிரியில், 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30-ல். பின்னால் வரும் 30, 40, 50 என்பவை 100 டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்பவை.

"நம்ம ஊரில் ஏது மைனஸ், அதனால் முன் எண்ணைப் பற்றிக் கவலையில்லை" என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். பாதிதான் சரி. 40 டிகிரியை எடுத்துக்கொள்ளுங்கள், வேலூரில் மே மாத மதியம். அந்தச் சூட்டில் சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுத்தன்மை 60 முதல் 70 சென்டிஸ்டோக் (எண் கூடினால் கெட்டி என்று பொருள்). 20டபிள்யூ-50 ஆயிலுக்கு 160 முதல் 180. எஞ்சின் சூடேறி 100 டிகிரியைத் தொட்ட பிறகு முன்னது 10, 11-க்கும் பின்னது 18, 19-க்கும் இறங்கிவிடும். அதாவது வேலூர் வெயிலில்கூட, ஸ்டார்ட் செய்யும் நொடியில் எஞ்சினுக்கு அது ‘குளிர்ந்த’ ஆயில்தான். அந்த முதல் சில நிமிடங்களில் தேய்மானம் அதிகம்.

சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில்

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. பெரும்பாலும் இப்படித்தான் போகும்: வண்டி சூடானதும் சிக்னலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது, அல்லது மேலே டேப்பட் (வால்வுகளை இயக்கும் பாகம்) சத்தம், அல்லது பின்னால் நீலப்புகை. "கெட்டி ஆயில் ஊத்தினா அடங்கிடும் சார்" என்கிறார் மெக்கானிக். ஊற்றுகிறார்கள். உண்மையிலேயே அடங்கிவிடுகிறது! லைட் அணைந்தது, சத்தம் குறைந்தது, செலவும் ஒரு கேனோடு முடிந்தது. சில மாதம் நிம்மதி. பிறகு ஒருநாள் பைபாஸில் அடியிலிருந்து கட கட என்று கனெக்டிங் ராட் தட்டத் தொடங்கும்போது, முன்பு பேரிங் ஷெல் (எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கைத் தாங்கும் மெல்லிய உலோகப் பட்டை) மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை கிராங்க் கிரைண்டிங், அண்டர்சைஸ் ஷெல், முழு ஓவர்ஹால் என்று வளர்ந்திருக்கும்.

ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஆயிலைத்தான் தள்ளும். ஆயில் கெட்டியாக இருந்தால் வழியில் தடை கூடும், அழுத்தம் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் ரிலீஃப் வால்வு திறந்து, மிச்ச ஆயிலைத் திரும்ப, எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பிலேயே கொட்டிவிடும். ஆகவே கேஜில் அழுத்தம் அதிகமாகத் தெரியும் அதே நேரத்தில் பேரிங்குக்கும் வால்வை அழுத்தும் ராக்கருக்கும் போய்ச் சேரும் ஆயில் குறைந்திருக்கலாம். காலையில் ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொள்ளும். வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே போகும்.

ஆயில் லைட்டை நம்பி முடிவெடுப்பது இன்னொரு கூத்து. அந்த ஸ்விட்ச் பெரும்பாலான கார்களில் 0.2 முதல் 0.5 பார் வரை இறங்கினால்தான் எரியும். லைட் அணைந்துவிட்டது என்றால் அழுத்தம் அந்தத் தரைமட்டத்தைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவே.

செய்ய வேண்டியது வேறு. வண்டியை 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். மேனுவலில் உள்ள எண்தான் தீர்ப்பு. அது கையில் இல்லையென்றால் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் என்பது பழைய கணக்கு. கேஜில் அழுத்தம் சரியாக இருந்து லைட் மட்டும் எரிந்தால் கோளாறு ஸ்விட்சில், மலிவான பொருள். கேஜிலும் குறைவு என்றால் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் உள்ள வலை) அடைத்திருக்கிறதா, பேரிங் ஷெல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

டேப்பட் சத்தத்துக்கு மாருதி 800-ல் ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் போதும். ராக்கரில் ஸ்க்ரூ இருக்கிறது. எஞ்சின் ஆறிய நிலையில் மேனுவல் சொல்லும் இடைவெளிக்கு வைத்தால் முடிந்தது. ஸ்விஃப்டில் வந்த 1.3 டீசல் எஞ்சினில் திருக ஸ்க்ரூ கிடையாது, ஹைட்ராலிக் டேப்பட். அதன் ஆயில் துளை மிக நுண்ணியது, கெட்டி ஆயில் அதற்குள் சீக்கிரம் ஏறாது. சத்தத்தை அடக்க ஊற்றியதே காலைச் சத்தத்தைக் கூட்டிவிடும். செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வதுதான்.

புகையா, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று ஒரு நீலப்புகை, ஏற்காடு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வந்து மறுபடி மிதித்ததும் புகை என்றால் வால்வ் ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) தேய்ந்திருக்கிறது. மிதிக்க மிதிக்கப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். உறுதி செய்ய கம்ப்ரஷன் டெஸ்ட்: எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி சுற்றவிடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் மேல்மூடிக்கும் நடுவில் உள்ள அடைப்பு). இத்தனைக்கும் முன்னால் பிசிவி வால்வைக் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) கழற்றி ஆட்டிப் பாருங்கள். கிலுகிலு சத்தம் வராவிட்டால் அடைத்துக்கொண்டது. ஆயில் குடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கெட்டி ஆயிலே கூடாது என்பதல்ல. மேனுவலில் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருப்பார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய எஞ்சினுக்கு அந்தப் பட்டியலுக்குள்ளேயே கெட்டியானதைத் தேர்ந்தெடுங்கள்: 30-உம் 40-உம் இருந்தால் 40. பட்டியலை விட்டு வெளியே தாவுவதுதான் பிரச்சினை.

புதிய எழுத்துதான் நல்லது என்ற நினைப்பு

அம்பாசடரும் பத்மினியும் வைத்திருப்பவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். "எஸ்எல்-ஐ விட எஸ்என் மேல், எஸ்என்-ஐ விட எஸ்பி மேல்" என்று கேனில் உள்ள தர எழுத்துகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, விலை உயர்ந்த 5டபிள்யூ-30 ஆயிலை 1,489 சிசி அம்பாசடரில் ஊற்றுகிறார்கள். பழைய எஞ்சின் மேல் உள்ள பாசம் புரிகிறது, ஆனால் அந்த எஞ்சினுக்கு அது ஒத்துவராது.

அந்த வண்டிகளில் காம் லோப் (வால்வைத் திறக்கத் தள்ளும் மேடு) தட்டையான டேப்பட் மேல் உரசிக்கொண்டே ஓடுகிறது, நடுவில் ரோலர் இல்லை. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், இசட்டிடிபி. அதிலுள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. 20டபிள்யூ-50 அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. ஆகவே இந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே சரி. ஆயில் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் பாஸ்பரஸ் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. அம்பாசடரின் அந்த எஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீலும் இல்லை, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகுக் காடிதான். மெல்லிய ஆயில் அந்த வழியாகத் தரைக்கு வந்துவிடும்.

பைக் ஆயில் மிச்சம் இருக்கிறதே

பைக்கிலேயே ஊற்றுங்கள். கேனில் ஜாஸோ எம்ஏ (பைக் ஆயிலின் தரக்குறி) என்று போட்டிருப்பது, பைக்கில் ஆயிலில் ஊறிய கிளட்ச்சுக்காகச் செய்தது, காருக்காக அல்ல.

சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும்

ஒழுகலை அது உண்டாக்குவதில்லை. காய்ந்துபோன சீலைச் சுற்றி அழுக்கு அடைத்திருந்தால் அதைக் கரைத்துக் காட்டிக்கொடுக்கிறது. டேப்பட் கவர் கேஸ்கெட்டும் கிராங்க் முன் சீலும் மாற்றிவிட்டு ஊற்றலாம். மாற்ற மனமில்லை என்றால் மினரல் ஆயிலிலேயே இருங்கள், குற்றமில்லை.

வாங்கிய உடனே ஃப்ளஷ்

முன் சொந்தக்காரர் ஆயில் மாற்றினாரா என்று தெரியாது. மூடியைத் திறந்தால் உள்ளே கரிப்பசை. உடனே ஃப்ளஷ் (உள்ளழுக்கைக் கரைக்கும் திரவம்) ஊற்றி ஒரே நாளில் சுத்தம் செய்ய ஆசை வரும். பசை கரைந்து போனால் பரவாயில்லை. துண்டு துண்டாகப் பெயர்ந்தால் நேராகப் பிக்கப் ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும், பம்ப்புக்கு ஆயில் ஏறாது. மெதுவான வழி: மேனுவல் சொல்லும் கிரேடில் மலிவான மினரல் ஆயில், புது ஃபில்டர், 1,500 கிலோமீட்டர். வடித்துவிட்டு மறுபடி அதே போல 1,500. மூன்றாவது முறையிலிருந்து வழக்கமான இடைவெளி. பசை மிக அதிகமென்றால் சம்ப்பை இறக்கிக் கையால் கழுவுவதே வழி.

ஆயிலோடு கலக்கும் டானிக்குகள்

வேண்டாம்.

கேனில் இருப்பதையெல்லாம் ஊற்றுவது

மாருதி 800 ஏறத்தாழ 3 லிட்டர்தான் பிடிக்கும். 3.5 லிட்டர் கேன் வாங்கினால் முழுவதையும் ஊற்றிவிட்டுத்தான் கேனைக் கீழே வைப்பார்கள். அளவு மீறினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காக்காது. இரண்டரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, சமதரையில் அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

வருடத்தில் 2,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஆயில் தேன் மாதிரி இருக்கிறது என்பார்கள். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. மூடியின் அடியில் மோர் போல வெளுத்த படலம் தெரிந்தால் முதலில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வந்தால், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட். எதுவானாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும்.

ஃபில்டரில் மிச்சம் பிடிப்பது

பழைய ஃபில்டருக்குள் பழைய ஆயில் நிற்கும், புதியதோடு கலக்கும். மட்டமான ஃபில்டரில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்காது அல்லது விறைத்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி வரும் கடகட சத்தத்துக்குப் பல வண்டிகளில் காரணம் அதுதான். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். ட்ரெயின் போல்ட்டின் வாஷரும் புதிது போடுங்கள். பழைய வாஷர் கசிகிறது என்று இறுக்கி இறுக்கித்தான் சம்ப்பின் மரையைத் தின்றுவிடுகிறார்கள்.